வழியனுப்பும் சொல்

பேருந்து அவனை இறக்கிவிட்ட இடத்தோடு சாலை முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் வெள்ளைதான். மரம் வெள்ளை, வேலி வெள்ளை, வானமும் தரையும் ஒட்டிக்கொண்ட ஒரே வெள்ளை. ஓட்டுநர் இறங்கி வந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அந்த ஊர் மொழியில் நீளமாக ஏதோ கேட்டார். மாதக்கணக்கில் புத்தகத்தை வைத்துக்கொண்டு மாங்கு மாங்கென்று படித்த மொழிதான் அது. ஒரு வார்த்தை பிடிபடவில்லை. புரிந்ததுபோல் தலையை ஆட்டிச் சிரித்து வைத்தான். ஓட்டுநரும் சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

புது மொழிக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது. பெரும்பாலும் அதனால் கெடுதல் ஒன்றும் வருவதில்லை.

வேதாகமக் கல்லூரியை முடித்த கையோடு ஊழியத்துக்கு வந்தவன் அவன். "எங்கே அனுப்பினாலும் போவேன்" என்று மேடையேறிச் சாட்சி சொல்லியிருந்தான். அதனால், இந்தக் குளிர் தேசத்துக்குப் போ என்று பெரியவர்கள் சொன்னபோது மறுக்க வழியில்லை. தன் வாயாலேயே மாட்டிக்கொள்வது அவனுக்குப் பழக்கம்.

பிற்பகல்தான், ஆனால் விளக்கு வைக்கிற நேரம்போல் இருட்டிக்கொண்டு வந்தது. பனியில் இழுக்கும் ஒரு கட்டை வண்டியோடு மிஷன் தச்சர் வந்து நின்றார். அவர் பெயருக்குத்தான் தச்சர். மணி அடிப்பது, விறகு பிளப்பது, கூரையில் ஏறிப் பனியைத் தள்ளுவது எல்லாம் அவர்தான். பெட்டியை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு, வழி முழுவதும் ஒரு சொல் பேசாமல் நடந்தார்.

மிஷன் என்று சொன்னால் மூன்று கட்டடம். நெஞ்சு நோயாளிகளுக்கான விடுதி ஒன்று, சின்ன ஆராதனைக் கூடம் ஒன்று. கூடத்தின் முதுகில் ஒட்டியபடி ஊழியருக்கு ஒரு வீடு. வீடு என்பதும் மரியாதைக்குத்தான், ஒரே அறை. நடுவில் இரும்பு அடுப்பு, இரண்டு நாற்காலி, ஒரு கட்டில். அந்த அறைக்கும் பின்னால், அதே சுவரைப் பகிர்ந்துகொண்டு, ஜன்னலே இல்லாத ஒரு கல் அறை இருந்தது. கதவின் வெளிப்பக்கம் கனத்த இரும்புத் தாழ்ப்பாள்.

"இது என்ன?" என்று புத்தக மொழியில் கேட்டான்.

தச்சர் யோசித்தார். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினார்.

விருந்தாளிகள் படுத்துக்கொள்ளும் அறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

விடுதியில் அவனை வரவேற்றவள் மூத்த நர்ஸ். அவளும் நம் பக்கத்து ஆள்தான். வந்து வருஷக்கணக்காகிவிட்டது. கையில் ஊசி மருந்துத் தட்டோடு நின்றபடியே அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்துட்டியா? கோட்டு எங்க?"

"போட்டிருக்கேனே அக்கா."

"இது கோட்டா? கொசுவலை." அலமாரியைத் திறந்து கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்து அவன்மேல் போட்டாள். "போன பாஸ்டர் விட்டுட்டுப் போனது. ஆளு நல்லா தடியா இருப்பார். உன்ன மாதிரி ரெண்டு பேர் உள்ள புகுந்துக்கலாம். பரவாயில்ல, போட்டுக்கோ."

அதோடு வரவேற்பு முடிந்தது. அவளுக்குத் தலைக்குமேல் வேலை. வார்டில் இரண்டு வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றிலும் இருமல். பினாயில் வாசனை, யூகலிப்டஸ் தைல வாசனை, கொதிக்கவைத்த படுக்கை விரிப்புகளின் ஈர வாசனை. அவன் வார்டின் நடுவில் நின்று மாலை ஜெபத்தை அந்த ஊர் மொழியில் வாசித்தான். முடிக்கும்போது கைகளை உயர்த்தி ஆசீர்வாதம் சொன்னான். போர்வைகளுக்குள்ளிருந்து குப்பென்று சிரிப்பு கிளம்பியது. கடைசிக் கட்டிலில் இருந்தவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, பிறகு அவள் பேசினாள். தமிழில்.

"தம்பி, ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராகன்னுதானே சொல்ல நெனச்சே? வேகவைப்பாராகன்னு சொல்லிட்டே."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேலிக்காக இல்லை. கேலி செய்தாலும் தன் மொழியில் ஒருவர் செய்கிறாரே என்று.

எல்லோருக்கும் அவள் தையலம்மா. கல்யாணமான புதிதில் கணவனோடு வந்தவள். கணவன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. விடுதிக்கு விரிப்பும் திரைச்சீலையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அதே விடுதியின் கட்டிலில் வந்து படுத்தாள். படுத்தும் கை சும்மா இருக்கவில்லை. ஊசியை எடுத்தால்தான் மூச்சே ஒழுங்காக வருகிறது என்பாள்.

அவன் தினமும் மாலை ஜெபம் முடிந்ததும் அந்தக் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மற்ற கட்டில்களில் அவனுக்குப் பேச இருந்தது மொத்தம் பத்துப் பன்னிரண்டு வாக்கியம். அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அலுத்துப்போன நாக்கு, இங்கே வந்ததும் அவிழ்ந்துகொள்ளும். அம்மாவைப் பற்றிச் சொல்வான். அக்காள் மகள் அவனை "சாமியார் மாமா" என்று கூப்பிடுவதைச் சொல்வான். தையலம்மா கேட்டுக்கொண்டே அந்தக் கறுப்புக் கோட்டை மடியில் வைத்துப் பிரிப்பாள்.

"இது உன்னப் போட்டுக்கிட்டு நடக்குது தம்பி, நீ இதப் போட்டுக்கிட்டு நடக்கல. கொடு, கொஞ்சம் பிடிச்சுத் தரேன்."

தோளை மட்டும் பிடித்துக் கொடுத்தாள். மற்றது நாளைக்கு என்றாள்.

அவன் எழுந்து "போயிட்டு வரேம்மா" என்பான். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் மாறுவதை முதல் நாளே கவனித்தான்.

"இந்த ஊர்ல போறேன்னுதான் சொல்வாங்க தம்பி. போறேன், போ, அவ்வளவுதான். பழகிடுச்சுன்னாலும் ஒவ்வொரு தடவையும் 'வா' எங்கேன்னு காது தேடும். எங்க வீட்டுக்காரரை இங்கதான் அடக்கம் பண்ணினோம். அப்பவும் 'போ'ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "சரி, போயிட்டு வா."

ரயில் நிலையத்தில் அவன் அம்மா சொன்னதும் அதேதான். வேறு ஒன்றும் சொல்ல வராமல் அதை மட்டும் நாலைந்து தரம் சொன்னாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இத்தனை தூரம் வந்திருந்தான்.

ஒரு காலையில் தச்சர் வந்து கதவைத் தட்டினார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவன் ஓடிப்போனபோது மூத்த நர்ஸ் தையலம்மாவின் கண்களை மூடி, தலையைச் சீவிவிட்டிருந்தாள்.

"தூக்கத்துலேயே போயிட்டாங்க. கஷ்டப்படல" என்றாள். அவள் குரலும் உடைந்துதான் இருந்தது.

"எப்ப அடக்கம் அக்கா?"

"மண்ணு இரும்பா இறுகிக் கிடக்கு. கடப்பாரை இறங்காது. பனி உருகுற வரைக்கும் உங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற அறையிலதான் பெட்டியை வைப்போம். தச்சர் உனக்குச் சொல்லலையா?"

சொல்லியிருந்தார். கன்னத்தில் கையை வைத்துக் காட்டியிருந்தார். கல்லறை என்ற சொல்லை எத்தனையோ முறை ஜெபத்தில் சொல்லியிருப்பான். அது கல்லால் ஆன அறை என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது.

பெட்டியை உள்ளே வைத்தார்கள். அவன் அந்த ஊர் மொழியில் வாசிக்க வேண்டியதைத் தப்பில்லாமல் வாசித்தான். எல்லோரும் "போ" என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டு, குளிர் தாங்காமல் கலைந்தார்கள். தச்சர் சுத்தியலை எடுத்து வரத் திரும்பினார். வாசலில் அவன் மட்டும் நின்றான். உள்ளே மங்கலான வெளிச்சத்தில் புதுப் பலகையின் வெள்ளை தெரிந்தது. அழுகை முட்டியது. கதவைச் சாத்தும்போது, அவனை அறியாமலேயே வாய் முணுமுணுத்தது.

"போயிட்டு வாங்கம்மா."

சொன்னதை அவன் கவனிக்கக்கூட இல்லை. வாசலில் நின்று ஒருவரை அனுப்பும்போது நம் வாய் தானாகச் சொல்வதுதானே. தச்சர் வந்து தாழ்ப்பாளைத் தட்டி இறக்கினார்.

மறுநாள் மாலை அவன் ஜெபம் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டான். கடைசிக் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார மனம் வரவில்லை. அடுப்பில் விறகைத் திணித்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். வெளியே காற்றுகூட இல்லை. பனி விழும்போது சத்தம் எழுவதில்லை, இருக்கிற சத்தமும் போய்விடும். அவனுக்குத் தன் மூச்சு பெரிதாகக் கேட்டது.

பின் சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

அவன் கெட்டிலைப் பிடித்த கையோடு நின்றான்.

மறுபடியும். வறண்ட இருமல். மூன்றாவதில் மூச்சு வாங்கி, நான்காவதில் அடங்கும் இருமல். அந்த இருமல் அடங்குவதற்காக அவன் எத்தனை முறை ஸ்டூலில் காத்திருந்திருக்கிறான்.

உயிர்த்தெழுதலைப் பற்றிய தேர்வில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவன் அவன். கட்டிலில் ஏறி, போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு, விடியும்வரை ஜெபித்தான். ஜெபம் என்றால் வார்த்தை எதுவும் இல்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்பதுதான்.

காலையில் வெளியே வந்தபோது தச்சர் கல் அறையின் முன் நின்றுகொண்டிருந்தார். தாழ்ப்பாள் வளைந்து தொங்கியது. கதவு அரையாகத் திறந்திருக்க, வாசலில் கிடந்த பனியை அது விசிறிபோல் ஒதுக்கித் தள்ளியிருந்தது. தச்சர் கதவைக் காட்டி ஒரு சொல் சொன்னார். இவனுக்குப் புரியவில்லை. அவர் கையை நெஞ்சருகே வைத்து, முன்னால் தள்ளிக் காட்டி, அதே சொல்லை மறுபடியும் அழுத்திச் சொன்னார்.

வழக்கம்போல் தலையாட்டிச் சிரித்தான்.

தச்சர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

விடுதிக்குப் போனதும் மூத்த நர்ஸிடம் அந்தச் சொல்லை உச்சரித்துக் காட்டினான். "அப்படின்னா என்ன அக்கா?"

"எதக் காட்டிச் சொன்னார்?"

"பின்னாடி அறைக் கதவை."

அவள் மருந்து ஊற்றுவதை நிறுத்தினாள். "நீ என்ன சொன்னே?"

"சிரிச்சேன்."

"நல்லா சிரிச்சே போ." பாட்டிலை மூடி வைத்தாள். "உள்ளேயிருந்துன்னு அர்த்தம்."

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து, அவளே சமாதானமும் சொன்னாள். பனி இறுகினால் இரும்பு வளையும், மரம் விரியும், கதவு தானாகத் தள்ளிக்கொள்ளும் என்றாள். அதை நம்ப அவனுக்கு ஆசையாக இருந்தது.

அன்று மாலை கதவைத் தாழிட்டான். நாற்காலியை முட்டுக்கொடுத்தான். இன்னொரு நாற்காலியில் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்து சத்தமாகச் சங்கீதங்களை வாசித்தான். இரவெல்லாம் விழித்திருந்த உடம்பு. எப்போது கண் அசந்ததென்று தெரியவில்லை.

குளிர்தான் எழுப்பியது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

யூகலிப்டஸ் வாசனை.

கதவுக்கு முட்டுக்கொடுத்த நாற்காலி அங்கே இல்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அதில் தையலம்மா உட்கார்ந்திருந்தாள்.

மடியில் கறுப்புக் கோட்டு. கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கம்பளிக்குள் ஊசி நுழைந்து வெளிவரும் அந்தச் சின்னச் சத்தம்தான் அறை முழுவதும் கேட்டது. தலைமுடியில் பனி உருகாமல் கிடந்தது.

"எழுந்துட்டியா? இன்னும் கொஞ்ச நேரம் தூங்கேன்" என்றாள்.

அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். "அம்மா..." என்றபோது வாயிலிருந்து வெள்ளைப் புகையாக மூச்சு வந்தது. அவள் பேசும்போது வரவில்லை.

"பயப்படாதே தம்பி. வரச் சொன்னே, வந்தேன்."

"நானா? நான் எப்பம்மா..."

"வாசல்ல நின்னு சொன்னியே. இத்தனை வருஷத்துல எனக்குன்னு அத ஒருத்தர் சொன்னது அன்னைக்குத்தான்." அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "தூரம்தான். ரொம்ப இருட்டு. ஆனா கூப்பிட்டப்புறம் எப்படி வராம இருக்கிறது?"

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் குண்டூசிகளை உதட்டில் கடித்துக்கொண்டு கோட்டின் ஓரத்தை மடித்துக் குத்தினாள். தணல் சாம்பல் பூத்ததும் எழுந்து, கோட்டைக் கட்டிலில் நீவி வைத்தாள். வாசல் வரை போய் நின்றாள். திரும்பி அவனைப் பார்த்துக் காத்திருந்தாள். உதட்டில் இன்னும் ஊசிகள் இருந்தன.

எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ. அவனுக்கு எப்படியாவது அவள் போனால் போதும் என்று இருந்தது. அதற்கு ஒரே ஒரு வழிதான் அவன் வாய்க்குத் தெரிந்தது.

"போயிட்டு வாங்கம்மா."

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தி என்ன பயன்?

அடுத்த மாலையும் வந்தாள். அதற்கு அடுத்த மாலையும். அவள் எதுவும் செய்யவில்லை. தைத்தாள், பேசினாள், கேட்டாள். அவன் தட்டுத்தடுமாறி ஒன்றிரண்டு பதில் சொன்னான். பிறகு பெரிதாகவே பேசினான். பயம் என்பதும் ஒரு அளவுக்குமேல் களைத்துப்போகும் போலிருக்கிறது. பகலெல்லாம் அரைகுறை மொழியில் தலையாட்டிச் சிரித்துவிட்டு வருகிறவனுக்கு, ஒரு முழு வாக்கியம் பேசவும் அதைக் கேட்டு ஒருவர் சிரிக்கவும் எவ்வளவு ஏங்கியிருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் மறைத்து என்ன ஆகப்போகிறது? இருட்டத் தொடங்கியதும் அவன் அந்த இரண்டாவது நாற்காலியைத் தானே அடுப்பருகே இழுத்துப் போட ஆரம்பித்தான். கதவைத் தாழிடுவதை விட்டுவிட்டான். அவள் வாசலில் நின்று காத்திருக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லை, இப்போது தெரிந்தே, சொன்னான்.

தச்சர் அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். விறகைத் தூரத்திலேயே போட்டுவிட்டுப் போனார்.

ஒரு மதியம், வார்டில் வாசித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. மூத்த நர்ஸ் அவனைக் கையைப் பிடித்து மருந்தறைக்கு இழுத்துப்போய் உட்காரவைத்தாள்.

"எத்தனை நாளா இருமல்?"

"இப்பத்தான் அக்கா."

"பொய் சொல்லாதே. கோட்டைக் கழட்டு, நெஞ்சைப் பார்க்கணும்."

பித்தானைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். தோளைத் தடவினாள். இடுப்பில் விரலை நுழைக்கப் பார்த்தாள். விரல் நுழையவில்லை.

"இது அந்தப் பாஸ்டரோட கோட்டுதானே?"

"ஆமா."

"ரெண்டு பேர் புகலாம்னு சொன்னேனே. உனக்கு எப்படி இவ்வளவு கச்சிதமா இருக்கு?"

அவள் கோட்டைக் கழற்றினாள். உள்ளே சட்டை கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கோட்டை உள்புறமாகத் திருப்பி விளக்கடியில் பிடித்தாள். தையலுக்குள் தையல். ஒரு வரிசைக்கு உள்ளே இன்னொரு வரிசை, அதற்கும் உள்ளே இன்னொன்று. ஒவ்வொரு முறை அவன் இளைத்தபோதும் ஒரு பிடி பிடித்திருந்தது. பொடிப்பொடியான, சீரான தையல். அந்த வார்டின் ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் இருக்கிற அதே கை.

"உயிரோட இருந்தப்ப அவங்க தோளை மட்டும்தான் பிடிச்சாங்க" என்றாள் மெல்ல. "நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அழுதான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் பேயெல்லாம் நம்புறவ இல்ல" என்றாள் கடைசியில். "ஆனா இந்த நெஞ்சு இப்படியே போச்சுன்னா, பனி உருகுறப்ப தச்சர் ரெண்டு குழி வெட்டணும். வரச் சொல்லித்தானே வராங்க? அப்போ போகச் சொல்லு."

"எப்படி அக்கா? வீடு தேடி வந்தவங்கள வாசல்ல நிக்க வச்சு, போன்னு..." அவனால் முடிக்க முடியவில்லை. "அவங்களுக்கு யாருமே இல்ல."

"அவங்களுக்கா, உனக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்கம்மாவுக்கு நீ இருக்கே" என்றாள் அவள். "அத நினைச்சுக்கோ. அவங்களும் பாவம், செத்தப்புறமாவது நிம்மதியாப் படுக்கட்டும். போன்னு ஒரு வார்த்தை. இந்த ஊர்ல சின்னக் குழந்தைகூடச் சொல்லும்."

அன்று மாலை அவன் இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போடவில்லை. கோட்டைத் தன் பயணப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வெளியே வெளிச்சம் நீலமாகி, சாம்பலாகி, போய்விட்டது.

தாழ்ப்பாள் சத்தம். பனியில் நடை. வாசனை.

அவள் நின்றபடியே அறையைப் பார்த்தாள். அடுப்பருகே நாற்காலி இல்லாததைப் பார்த்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் கோட்டு இருந்தது. பெட்டி பூட்டியபடியேதான் இருந்தது.

"இன்னும் ஒரு தையல்தான் தம்பி. முன்பக்கத்தைச் சேர்த்துத் தைச்சுட்டா முடிஞ்சுது."

"முன்பக்கம்... பித்தான் இருக்கேம்மா."

"பித்தான் எதுக்கு?" அவள் அன்பாகச் சிரித்தாள். "இனிமே கழட்டவா போறே? போட்டுக்கிட்டு நில்லு, மேலேயே தைச்சுடறேன். அங்க ரொம்பக் குளிரு."

அவன் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

எழுந்து போய் நிற்கவும் தோன்றியது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. போய் நின்றால் போதும், இனி தனியாக ஒரு மாலையும் இல்லை.

அம்மாவை நினைத்தான். ரயில் நகர்ந்தபோது கூடவே ஓடி வந்து, மூச்சிரைக்க, மறுபடியும் அதையே சொன்ன அம்மாவை.

"போங்கம்மா."

ஊசி நின்றது.

"என்ன தம்பி?"

"போங்க. இனிமே..." அவள் கையைப் பார்த்துச் சொன்னான். "இனிமே வராதீங்க. நான் தெரியாமச் சொல்லிட்டேன். நீங்க வர வேண்டாம். போங்க."

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. அவள் அவனையே பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தான். கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பான். வாசலில் தனியாக விடப்பட்ட குழந்தையின் முகம்தான் அவளுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், பழைய தையலம்மா ஆனாள்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். கோட்டை மடித்துக் கட்டிலில் வைத்து, மேலே ஒருமுறை தடவினாள்.

"எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்றேன்னு தெரியுது தம்பி. அழாதே. நல்ல பிள்ளை நீ. மருந்த ஒழுங்காச் சாப்பிடு."

அவள் வாசலைத் தாண்டினாள். இந்த முறை காத்திருக்கவில்லை. பனியில் இறங்கி நடந்தாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விலகி, பல நாளுக்குப் பிறகு மூச்சு முழுசாக உள்ளே போனது. முடிந்தது என்று நினைத்தான். முடிந்தது ஆண்டவரே, நன்றி.

இருட்டின் விளிம்பில் அவள் ஒரு நிமிஷம் நின்றாள். ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் எல்லோரும் செய்வதுபோல், தலையை மட்டும் திருப்பினாள்.

"சரி தம்பி, வரேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவளுக்கும் வேறு எப்படிச் சொல்லத் தெரியும்?

அவன் கதவைச் சாத்தினான். பற்கள் ஒன்றோடொன்று மோதின. தாழ்ப்பாளின்மேல் கையை வைத்து வெகுநேரம் அப்படியே நின்றான். இவ்வளவு பயத்துக்கும் அடியில், எங்கிருந்தோ, சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

தாழிடாமலே வந்து அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தான்.